மாடி வீட்டு உப்பங்கழி

என் வீட்டு மாடியை உத்திராபதிக்கு வாடகைக்கு விட்டபோது ஒப்பந்தப் பத்திரத்தை நானே உட்கார்ந்து எழுதினேன். கடலூர் கோர்ட்டில் முப்பத்து நான்கு வருடம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவன் நான்; ஓட்டை இல்லாமல் ஒரு பத்திரம் எழுதத் தெரியாதா? மொத்தம் பதினோரு நிபந்தனைகள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, கேட்டை இரவு பத்து மணிக்குப் பூட்டிவிடுவேன் என்கிற வகையறா. ஏழாவது நிபந்தனை மட்டும் கொஞ்சம் அழுத்தமானது: வீட்டில் மீனும் இறைச்சியும் சமைக்கக் கூடாது. உத்திராபதி ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். ஏழாவது வரியில் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் காலையில் மினி லாரி ஒன்று எங்கள் தெருவில் வந்து நின்றது. ஆறு அடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டியை நான்கு பேர் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"என்னய்யா இது?"

"மீன் தொட்டி சார்."

"மீனா? பத்திரத்துல என்ன எழுதியிருக்கேன், படிச்சீங்கல்ல?"

"படிச்சேன் சார். சமைக்கத்தான கூடாது?"

முப்பத்து நான்கு வருட அனுபவம் அந்தப் படிக்கட்டிலேயே கவிழ்ந்தது.

உத்திராபதிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது இருக்கும். முதுநகர் பக்கம் மின்சார லைன்மேன். சொந்த ஊர் குமராட்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மனைவி எழிலரசி சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்புவாள். அமைதியான குடும்பம், வாடகை ஒன்றாம் தேதி வந்துவிடும். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது எனக்கே கஷ்டமாக இருந்தது. அந்தத் தொட்டி வந்ததும் அந்தக் குறை தீர்ந்தது.

முதலில் கனம். தண்ணீர் நிரப்பினால் அரை டன்னுக்கு மேல் வரும் என்று அவரே சொன்னார். கீழே கூடத்தில் நானும் என் மனைவி லோகநாயகியும் படுத்திருக்கிறோம்; மேலே அரை டன். ஆனால் மனிதர் அதற்கும் முன்பே வேலை பார்த்து வைத்திருந்தார். "சார், வீட்டு பிளான் இருந்தா குடுங்களேன்" என்று குடிவந்த அன்றே கேட்டிருந்தார். வரி கட்டுவதற்கோ என்னவோ என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். பீம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, அதற்கு நேர் மேலே சுவரை ஒட்டி, சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தார். தொட்டி அந்தக் கோட்டின் மேல்தான் உட்கார்ந்தது.

அடுத்தது அழகு. மீன் தொட்டி என்றால் எனக்குத் தெரிந்தது டாக்டர் வீட்டில் இருப்பது. பளிச்சென்ற தண்ணீர், சிவப்பு மீன், வாயைத் திறந்து மூடும் பிளாஸ்டிக் சிப்பி. உத்திராபதியின் தொட்டியில் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் கிடந்தது. ஒரு பக்கம் சேற்று மேடு, நடுவில் உடைந்த பானை ஓடுகள், நாலைந்து காய்ந்த பனை மட்டைகள். முதல் நாள் பத்து நிமிடம் நின்று பார்த்தும் ஒரு மீனும் தெரியவில்லை. "மீன் எங்கப்பா?" என்றேன். "உங்களப் பாத்துக்கிட்டுதான் இருக்கு சார். அதுங்களுக்கு உங்கள இன்னும் புடிக்கல" என்றார்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். முதுநகருக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளைப் பக்கம் வேலை. அங்கே பல கம்பங்கள் உப்பங்கழியின் ஓரத்தில் நிற்கும். ஒரு தடவை முழங்கால் தண்ணீரில் நின்று கம்பத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பூட்ஸில் யாரோ தட்டுகிற மாதிரி இருந்திருக்கிறது. குனிந்து பார்த்தால் விரல் நீளம் கூட இல்லாத மஞ்சள் மீன் ஒன்று. பக்கத்தில் அதன் ஜோடி. இரண்டுக்கும் நடுவில் கடுகைத் தூவியது போல் குஞ்சுகள்.

"என் பூட்ஸுகிட்ட சண்டைக்கு வருது சார்! நான் இம்மாம் பெரிய ஆளு. அது காசு சைஸ்ல கெடக்குது. புள்ளைங்கள உட்டுட்டு ஓடுவேனான்னு நிக்குது. அன்னிக்கு எனக்கு வேலையே ஓடல."

அதைச் செல்லக்காசு என்று சொல்கிறார்கள். வட்டமான உடம்பு, மஞ்சள் நிறம், விலாவில் ஒரு கருப்புப் பொட்டு. வலையில் விழுந்தாலும் யாரும் பொருட்டாக மதிக்க மாட்டார்கள். பொடி மீனோடு பொடி மீனாகக் கருவாட்டுக்குப் போகும். இந்த மனிதருக்கோ அது தன் கண் முன்னால் ஒரு தடவையாவது குஞ்சு பொரித்து வளர்க்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். அதற்குத்தான் என் தலைக்கு மேல் அரை டன்.

அந்த ஆசைக்காக அவர் பட்ட பாட்டைப் பார்த்தபிறகு என் வாய் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பைக்கில் கிள்ளைப் பக்கம் போவார். அங்கே அரசாங்கம் பாதுகாக்கிற சதுப்புக் காட்டின் எல்லைக்குள் கால் வைக்க மாட்டார். அங்கிருந்து ஒரு இலையைக் கூட எடுத்ததில்லை. எல்லைக்கு வெளியே வயல் தண்ணீர் வடிகிற வாய்க்காலில் கைவலையோடு அரை நாள் நிற்பார். நாலு மீன் கொண்டு வருவார். பல நாள் வெறும் வாளியோடு வருவார்.

வந்த மீனை உடனே தொட்டியில் விடுவதில்லை. மூன்று வாரம் தனி டப்பில், அந்த வாய்க்கால் தண்ணீரிலேயே இருக்கும். பிறகு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூபை வைத்துத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக டப்புக்குள் விடுவார். ஒரு பகல் முழுக்கச் சொட்டும். முதல் வருடம் ஆறு மீன்கள் இரை எடுக்க மறுத்துவிட்டன. டப்பில் இருந்த ஆறையும் வாளியில் வைத்து, மறுபடி அத்தனை தூரம் போய், பிடித்த வாய்க்காலிலேயே விட்டுவிட்டு வந்தார். நான் கூட, "எதுக்கய்யா இந்த வேலை, பக்கத்துல உப்பனாறு இல்லையா?" என்றேன். "அது வேற ஊர் சார் அதுங்களுக்கு" என்றார். சஸ்பெண்ட் ஆனவனுக்கு மறுபடி பழைய சீட்டையே வாங்கிக் கொடுக்கிற அக்கறை.

வாய்க்காலில் பிடித்த மீன், கடையில் விற்கிற உருண்டைத் தீனியைத் திரும்பிப் பார்க்காது. உயிரோடு நெளிய வேண்டும். அதற்காக மொட்டை மாடியில் ஐந்து தொட்டிகளில் கொசுப்புழு வளர்த்தார் என்பது எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? டெங்கு பரிசோதனைக்கு வந்த பெண்கள் வீட்டுக்காரர் என்று என் பெயரைக் கேட்டு நோட்டீஸில் எழுதிக்கொண்டபோது தெரிந்தது. ஊருக்கெல்லாம் கோர்ட்டு நோட்டீஸ் அனுப்பியவன் வீட்டில் நோட்டீஸ்! அன்றைக்கு நான் போட்ட சத்தம் ரயில்வே ஜங்ஷன் வரை கேட்டிருக்கும். உத்திராபதி மறுநாள் ஐந்து தொட்டிக்கும் கொசுவலைத் துணியில் இறுக்கமாக மூடி தைத்துப் போட்டு, அந்தப் பெண்களையே கூப்பிட்டுக் காட்டினார். அதில் ஒருத்தி மீனைப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எவ்ளோ புழு துன்னும்?" என்று கேட்டுக்கொண்டு நின்றாளே தவிர, என் பக்கம் திரும்பவே இல்லை.

இதையெல்லாம் விட விசித்திரம், அந்தத் தொட்டியில் கடல் ஏறி இறங்கும். பின்னால் ஒரு நீல டிரம். ஒரு மோட்டார் தொட்டித் தண்ணீரை மெல்ல டிரம்முக்கு இழுக்கும்; சேற்று மேடு வெளியே தெரியும். ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு மோட்டார் திருப்பி அனுப்பும். தண்ணீர் ஏறும்போதுதான் அந்த மீன்கள் சுறுசுறுப்பாக இரை எடுக்கும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். மோட்டார் ஓடுகிற நேரத்தை ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளித் தள்ளி வைப்பார். "கடல் நம்ம ஆபீஸ் டைமுக்கு வராது சார்" என்பார். நாள் காலண்டர் தாளில் அன்றன்றைக்கு நேரத்தைப் பென்சிலால் குறித்திருப்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு, அதை நான் கேலி செய்யாத நாள் இல்லை. தொட்டியில் கை விடுவதற்கு முன் எல்லா சுவிட்சையும் அணைப்பார். அதோடு விடாமல் எல்லா பிளக்கையும் பிடுங்குவார். பிறகு டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். எழிலரசிக்கும் அதே சட்டம்.

"கரண்டு மரமே ஏறுறவரு நீங்க. இந்தச் சின்ன மோட்டாருக்கா இவ்வளவு பயம்?" என்பேன்.

"ஆஃப்னு நாமதான சார் நெனச்சுக்கறோம். கரண்டும் அப்படி நெனைக்கணும்னு இன்னா இருக்கு?"

இரண்டு வருடம் போயிற்று. மீன்கள் நன்றாகத் தின்றன, கொழுத்தன, ஜோடி சேர்ந்தன. முட்டை மட்டும் போடவில்லை. உத்திராபதி டியூட்டி முடிந்து வந்து தொட்டி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கே மனசு கேட்காமல் போனது. பிள்ளை இல்லாத வீட்டில் இப்படி உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்தால் யாருக்குத்தான் கேட்கும்? அவர்களுக்கும் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசியதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை.

போன ஐப்பசியில் எழிலரசிதான் விஷயத்தைப் பிடித்தாள். அவள் கணக்கு டீச்சர் அல்லவா, ரெண்டு வருடமாகத் தண்ணீரின் உப்பு அளவை நோட்டில் எழுதி வந்திருக்கிறாள். அதைப் புருஷனிடம் நீட்டினாள். "மாமா, இங்க பாருங்க. ரெண்டு வருஷமா ஒரே நம்பரு. கிள்ளையில மழக்காலத்துல இப்படியா இருக்கும்?" என்றாள். உத்திராபதி நெற்றியில் அடித்துக்கொண்டார். கடலை ஏற்றி இறக்கியவர் மழையை மறந்துவிட்டார். அங்கே மழை பெய்தால் வயல் தண்ணீரெல்லாம் வடிந்து கழியின் உப்பு பாதியாகிவிடும். இங்கே ஐப்பசியும் சித்திரையும் ஒன்றுதான்.

அப்புறம் என்ன, மொட்டை மாடியில் வாளிகள். மழை விட்டதும் நானும் ஓடி ஓடி வாளி மாற்றினேன். லோகநாயகி பூஜைக்கு வைத்திருந்த பித்தளை அண்டாவைக் கூடக் கொடுத்தாள். தினம் இரண்டு வாளி மழைத் தண்ணீர் தொட்டிக்குள் போயிற்று. பன்னிரண்டாம் நாள் பானை ஓட்டின் உள்பக்கம் வரிசை வரிசையாக முட்டை. அம்மாவும் அப்பாவும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக்கொண்டு நின்றன. குஞ்சுகள் நீந்த ஆரம்பித்தபோது எழிலரசி கட்டம் கட்டமாகப் பிரித்து எண்ணி, முந்நூறுக்குக் குறையாது என்றாள். அந்தப் பொடிகள் தாய் தகப்பன் உடம்பில் மொய்த்து, அந்த வழுவழுப்பையே தின்று வளர்ந்தன. உத்திராபதி முக்காலியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். நான் பார்க்காத மாதிரி கீழே இறங்கி வந்துவிட்டேன்.

நீந்த ஆரம்பித்த எட்டாம் நாள் புயல் வந்தது.

முந்தின நாளே உத்திராபதி பெல்ட், கையுறை, மாற்றுத் துணியோடு கிளம்பிவிட்டார். புயல் அன்று காலை எழிலரசிக்கு போன். நானும் பக்கத்தில் இருந்தேன். "எழில், இன்னும் பத்து நிமிஷத்துல நம்ம ஏரியாவ ஆஃப் பண்ணப் போறேன். மக் எடுத்து வச்சுக்க" என்றார். பத்தாவது நிமிடம் மோட்டார் நின்றது. தன் தொட்டிக்குப் போகிற கரண்டைத் தன் கையாலேயே நிறுத்தினார்.

தண்ணீரில் காற்றுக் கலக்காவிட்டால் அந்தப் பொடிகள் தாங்காது. பேட்டரியில் ஓடுகிற குட்டி மோட்டார் ஒன்று இருந்தது. அது முதல் நாளோடு சரி. என் இன்வெர்ட்டரும் அன்று மாலையே கைவிரித்துவிட்டது. அப்புறம் மக்தான். தொட்டியிலிருந்து மொண்டு, முழ உயரத்திலிருந்து மெல்ல ஊற்ற வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஐந்து நிமிடம். எழிலரசி அதைத் தூங்காமல் செய்தாள்.

இரண்டாம் நாள் மழை விட்டது, கரண்டு வரவில்லை. எங்கள் தெரு முனையில் கம்பி அறுந்து கிடந்தது. லைன்மேன் குடியிருக்கிற தெருவுக்கே இந்தக் கதியா என்று ஆளாளுக்கு என் கேட்டில் வந்து நின்று கேட்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போனைப் போட்டேன்.

"என்னய்யா நடக்குது? ஊருக்கெல்லாம் பாக்கறீங்க. உங்க மீனுக்காகவாவது இங்க வரக் கூடாதா?"

"ஆஸ்பத்திரி லைன் முடிஞ்சுது சார். இப்ப தண்ணி டேங்கு மோட்டாரு. அப்பறம் ரயிலடி குடிசைங்க, அங்க முட்டிவரைக்கும் தண்ணி நிக்குது, கைக்கொழந்தைங்க ஜாஸ்தி. நம்ம தெரு கடைசிதான். லிஸ்டு அப்படி."

"எவன் போட்ட லிஸ்டு அது?"

"நான்தான் சார் எழுதிக் குடுத்தேன்."

போனை வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் மேலே போய்ப் பார்த்தேன். எழிலரசியின் விரல்கள் ஊறி வெளுத்து, தோல் உரிந்திருந்தது. உட்கார்ந்தபடியே கண் சொருகியது. தொட்டியின் மூலையில் பொடிகள் சில அசையாமல் கிடந்தன. "நீ கீழ போயி லோகநாயகிகிட்ட படுத்துத் தூங்கும்மா. மக்கை இப்படிக் குடு" என்றேன். மறுக்கக் கூட அவளுக்குத் தெம்பில்லை.

அறுபத்தாறு வயதுத் தோள், ஒரு மணி நேரம் தாங்கியதே பெரிது. அப்போதுதான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. மைக் செட் கடை செந்தமிழ்செல்வனுக்கு போன் செய்தேன். அரை மணியில் ஜெனரேட்டரை ஆள் வைத்துத் தூக்கி மாடி வராந்தாவில் வைத்துவிட்டான். அதில் பிளக் சொருகுகிற இடம் என்றைக்கோ கருகிப் போயிருந்தது. அதனால் உள்ளேயிருந்து நேராக ஒயர் எடுத்து அதன் முனையில் ஒரு பிளக் மாட்டி வைத்திருந்தான்.

"இத சுவத்துல இருக்கற பிளக் பாயிண்ட்டுல சொருகினா போதும் சார், வீடு பூரா வந்துடும். ஆனா மெயின ஆஃப் பண்ணிட்டுதான் போடணும். பண்ணிட்டீங்களா?"

வீடு பூராவா! மீனுக்குக் காற்று, எனக்கு ஃபேன். படியிறங்கி ஓடி மெயினை அணைத்துவிட்டு வந்தேன். "பண்ணிட்டேன்யா, நான் என்ன சின்னப் புள்ளையா?" என்றேன்.

அணைத்தேன், சத்தியமாக அணைத்தேன். ஆனால் நான் அணைத்தது என் மெயினை. மாடிப்படிக்குக் கீழே இரண்டு மெயின் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இடது பக்கம் என்னுடையது, வலது பக்கம் மாடியுடையது. முப்பது வருடமாகக் கை போகிற இடத்துக்குத்தான் அன்றைக்கும் போயிற்று. மாடியின் மெயின் தெருக் கம்பியோடு சேர்ந்தபடியே இருந்தது.

செல்வன் கயிற்றை இழுத்தான். ஜெனரேட்டர் உறுமியது, தொட்டியில் மோட்டார் ஒரு குமிழி விட்டது, அடுத்த நொடி எல்லாம் நின்றுவிட்டது. "லோடு ஜாஸ்தி போலருக்கு" என்று சொல்லி, விழுந்த சுவிட்சைத் தூக்கிவிட்டு மறுபடி இழுத்தான். மறுபடி ஒரு குமிழி, மறுபடி நின்றது. நான் தொட்டிக்குள் கையை விட்டு மொண்டு ஊற்றிக்கொண்டே, "என்னத்த ஜெனரேட்டர் வச்சிருக்க, கல்யாண வீட்டுல மாப்பிள்ளைய இருட்டுலயா உக்கார வைப்ப?" என்று திட்டினேன். மூன்றாம் தடவையும் அதே கதைதான். நாலாவது தடவைக்கு அவன் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

படியில் தடதடவென்று சத்தம். உத்திராபதி. மூன்று நாள் தாடி, உடம்பெல்லாம் சேறு, இடுப்பில் பெல்ட் தொங்குகிறது. சுவரில் இருந்த பிளக்கை வெடுக்கென்று பிடுங்கி எறிந்தார். அதே வேகத்தில் என் தோளைப் பிடித்து ஒரு இழு. மக் எங்கேயோ பறந்தது. நான் சுவரில் போய் முட்டிக்கொண்டேன்.

"யோவ்! நான் வீட்டுக்காரன்யா!" என்று கத்தினேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு செல்வனிடம், "அண்ணே, இத எடுத்துக்கிட்டுக் கீழ போயிடுங்க" என்றார். சத்தம் போட்டிருந்தால் தேவலை. அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

அவர் பின்னாலேயே மூச்சு வாங்க வந்த உதவியாளர் பக்கிரிதான் எனக்கு விஷயத்தைச் சொன்னார். தெரு முனைக்கு அவர்கள் அரை மணி முன்பே வந்துவிட்டார்கள். உத்திராபதி கம்பத்தின் மேல் நின்று, அறுந்த கம்பியைக் கையில் பிடித்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கம்பி எங்கள் வீட்டுக்கு வருகிற கம்பி.

"ஜெனரேட்டர் கரண்டு உங்க மாடி மெயின் வழியா வெளிய வந்து, அவுரு கையில இருக்கற கம்பிக்கு வந்துடுச்சு சார். ஏறுறதுக்கு முன்னால எர்த் ராடு மாட்டி, கம்பிய பூமியோட சேத்துட்டாரு. அதனால கரண்டு பூமிக்குப் போயி உங்க ஜெனரேட்டரு நின்னுச்சு. ராடுல பட்டுபட்டுன்னு பொறி பறக்குது. நிறைய பேரு அவசரத்துல ராடு மாட்ட மாட்டாங்க சார். ஆஃப் பண்ணியாச்சே, யாரு பாக்கறா?"

மூன்று தடவை. நான் தொட்டியில் தண்ணீர் மொண்டபடி ஒரு மனிதனை மூன்று தடவை கொல்லப் பார்த்திருக்கிறேன். கோர்ட்டில் எத்தனை கேஸ் கட்டு என் கை வழியாகப் போயிருக்கும்! தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னவர்களை எத்தனை பேரை ஏளனமாகப் பார்த்திருக்கிறேன்!

உத்திராபதி தொட்டியின் பக்கம் ஒரு தடவை கூடத் திரும்பவில்லை. மூலையில் கிடந்த மக்கை எடுத்து என் கையில் கொடுத்தார். "இன்னும் ஒரு மணி நேரம் சார். ஊத்திக்கிட்டிருங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடி அதே கம்பத்தில் ஏறப் போய்விட்டார். போகிற வழியில் படிக்குக் கீழே மாடி மெயின் அணைந்திருக்கிறதா என்று அவர் டெஸ்டரை வைத்துப் பார்த்ததாகப் பக்கிரி பிறகு சொன்னார். வரும்போதே அணைத்துவிட்டுத்தான் ஓடி வந்திருக்கிறார்.

அந்த ஒரு மணி நேரம் நான் அழுதுகொண்டே ஊற்றினேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், விக்கி விக்கி அழுதேன். தோள் வலி தெரியவே இல்லை.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கரண்டு வந்தது. மோட்டார் ஓடியது. எழிலரசி எண்ணிப் பார்த்தபோது நூற்றுப் பத்துக்கு மேல் உயிரோடு இருந்தன. அப்பன் ஆத்தா இரண்டும் மெலிந்து போயிருந்தாலும், அவள் விரலைக் கொத்த வந்தன. உத்திராபதி குளித்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப் போனார்.

அதற்குப் பிறகு நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவே கூசினேன். ஆனால் மனசின் ஒரு ஓரத்தில் அந்த இழுப்பு உறுத்திக்கொண்டே இருந்தது. தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக வயதானவனை அப்படியா பிடித்து எறிவது? மீன் செத்துப் போகிறதே என்ற ஆத்திரம் மனிதருக்குக் கண்ணை மறைத்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

தை மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நானே எழுதினேன். ஏழாவது நிபந்தனையை எடுத்துவிட்டேன். நிபந்தனை பத்தாகக் குறைந்தது. உத்திராபதி வழக்கம் போல விரல் வைத்துப் படித்தார். ஏழாவது இடத்தில் விரல் நின்றது. சிரித்தார். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் கேட்டே விட்டேன்.

"ஏம்பா, அன்னிக்கு நான் செஞ்சது மன்னிக்க முடியாத தப்பு. ஆனா மீனுக்காக என்னைப் புடிச்சு அப்படி இழுத்தீங்களே, மூணு நாளு தோள் வலி."

"மீனுக்காகவா?" அவர் நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "மீனப் பத்தி யாரு சார் நெனச்சா? ராடுல பொறி வந்ததுமே நம்ம வீடுன்னு தெரிஞ்சுடுச்சு. கம்பி அறுந்த எடத்துக்கு அப்பால மூணே வீடுதான், பக்கத்து ரெண்டும் பூட்டிக் கெடக்குது. மூணு நாளா எழில் தொட்டிக்குள்ள கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. திடீர்னு கரண்டு வந்து, அந்த மோட்டார் ஒயர்ல எங்கியாச்சும் ஒரு கீறல் இருந்தா? எனக்கு எர்த் இருக்கு சார். தண்ணியில இருக்கற கைக்கு எர்த் ஏது? பெல்ட்டக் கம்பத்துலேர்ந்து கழட்டி வுட்டு ஓடியாந்தேன்."

"வந்து பாத்தா?"

"வந்து பாத்தா, உங்க கை."

அதையும் அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எழில் கையும் என் கையும் அவருக்கு ஒன்றுதான் என்பது போல. கையெழுத்தைப் போட்டுவிட்டு, பேனாவை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கி, என் பெயருக்கு மேல் பேனா முனையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.